முதலில் ‘ப’, கடைசியில் ‘யோ’

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் கைப்பேசி அடித்தது. எடுத்ததும் யார் என்று கேட்காமல் “கிளியர்” என்றேன். எனக்கு வரும் அழைப்பு ஒன்றே ஒன்றுதான். அதற்கு நான் சொல்லும் பதிலும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த அழைப்பு மாலை ஆறு மணிக்குத்தான் வரும். எதிர்முனையில் ஒரு பெண் அழுதாள். நெஞ்சிலிருந்து காற்று ஏறி வரும் அழுகை. அது யோகேஸ்வரி அக்கா இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவருக்கும் எனக்கும் சத்தமாக அழ முடியாது.

“அங்கிள், நான் யோகேஸ் பெரியம்மாட தங்கச்சி மகள். பெரியம்மா போயிட்டாங்க அங்கிள்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளே மறுபடியும் பேசினாள். “நீங்க அஞ்சாவது ஆள். பெரியம்மா நோட்டுல இருக்கிற நம்பருக்கெல்லாம் வரிசையா அடிக்கிறேன். எல்லாருமே எடுத்த உடனே கிளியர், கிளியர்னு சொல்றீங்க. அப்படின்னா என்னா அங்கிள்?”

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு நானும் எழுத வேண்டும் என்று பிறகு அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். அவளுடைய கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். எனக்கு வயது எழுபத்து மூன்று. எழுதப் பழகி நான்கு வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதுகிறேன். எழுதியதை மறுநாள் படித்தால், நேற்று நான் நினைத்தது அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு இன்பமான வேலை ஒன்று உலகத்தில் இருப்பதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

அக்காவின் சொந்தக்காரர்களுக்கு எங்களைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். ஈப்போவிலும் சுற்று வட்டாரத்திலும் நாங்கள் ஏழு பேர் இருக்கிறோம். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டவர்கள். எங்கள் கழுத்தின் அடியில் ஒரு துளை இருக்கிறது. மூச்சு அதன் வழியாகவே போய் வருகிறது. நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவில் இருந்த வழி அடைபட்டுவிட்டது. அக்காவோடு சேர்த்தால் எட்டுப் பேர். எங்கள் எல்லோருக்கும் முந்தியே அவருக்குக் குரல் போய்விட்டது. அவருக்குத்தான் முதலில் திரும்பியும் வந்தது.

அவரை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். ஆப்பரேஷன் முடிந்த நான்காம் நாள். பேச முடியாதவர்கள் எழுதிக் காட்டுவதற்காக நர்ஸ் மிஸ்ஸி ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்திருந்தார். எனக்கு எழுதத் தெரியாது என்பதைச் சொல்லவும் வழியில்லை. தாகமாக இருந்தது. பலகையில் ஒரு குவளை வரைந்தேன். மிஸ்ஸி பார்த்துவிட்டு மூத்திரக் குடுவையைக் கொண்டு வந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆணின் கரகரத்த குரல் கேட்டது. “என்ன அண்ணை, எழுதத் தெரியாதோ?”

திரும்பினேன். ஆண் யாரும் இல்லை. கழுத்தில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு சிறிய அம்மா நின்றார். குரல் அவருடையதுதான். தெரியாது என்று தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்தது. அவர் முகமோ மலர்ந்தது.

“நல்லதாப் போச்சு. பலகையைத் தூக்கி எறியுங்கோ. எழுதத் தெரிஞ்சவை கதைக்கப் பழகமாட்டினம். நீங்கள் பழகுவியள்.”

படிப்பில்லாததற்காக ஒருவர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

அக்கா வேலை பார்த்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். அந்தக் காலத்தில் ஈப்போவிலிருந்து வெளியூருக்கு ட்ரங்க் கோல் பேச வேண்டுமானால் அவர் குரலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் வாரா வாரம் தன் வீட்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் டெலிபோன் கணக்கில்தான்.

“மெயின் லைன் கட்” என்பார், நெஞ்சைத் தொட்டு. “எக்ஸ்டென்ஷன் இருக்கு” என்பார், கன்னத்தைத் தட்டி. பிறகு வயிற்றுக்கு மேலே கையை வைத்து, “ட்ரங்க் கோல் இனித்தான் போட வேணும்.”

இது படிப்பவர்கள் ஒரு நிமிடம் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியே ப் என்று சொல்லிப் பாருங்கள். வரும். த் வரும், க் வரும். மூடிய வாய்க்குள் கொஞ்சம் காற்று இருக்கிறது. உதடோ நாக்கோ திறக்கும்போது அது வெடித்து வெளியே போகிறது. அதற்கு நெஞ்சு தேவையில்லை. இப்போது ம் சொல்லிப் பாருங்கள். வராது. அது நெஞ்சுக் காற்றைக் கேட்கும் எழுத்து. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிடுங்கினால் டொக் என்று ஒரு சத்தம் வரும். அதில் காற்று வெளியே போவதில்லை. வெளியே இருப்பது உள்ளே இழுபடுகிறது. இதையெல்லாம் நான் பிறந்தது முதல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது.

ட்ரங்க் கோல்தான் கடினம். ப் என்று உதட்டை இறுக்கும்போது கொஞ்சம் காற்றைப் பின்பக்கமாகத் தப்ப விட வேண்டும். அது சோறு போகும் குழாய்க்குள் இறங்கும். இறங்கியதும் ஏப்பம்போலத் திரும்பி ஏறும். ஏறும் வழியில் தொண்டைத் தசை அதிர்ந்து சத்தம் வரும். அந்த நேரத்தில் வாயைத் திறந்து அதை ‘ஆ’வாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ப் கீழே போய் ஆ மேலே வந்தால் பா. இந்த ஒரு ‘பா’வுக்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. வயிறு உப்பியது. பக்கத்து வீட்டுக்காரர் கசாயம் கொண்டு வந்து கொடுத்தார்.

வீட்டில் பழகுவதற்காக அக்கா நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக ‘ப’ எழுதிக் கொடுத்தார். “இந்தக் கிழமைக்கு இது” என்றார். அது வந்த பிறகு ‘த’. பிறகு ‘க’, ‘ட’, ‘ச’. வாயில் வந்த எழுத்தைத்தான் தாளில் கொடுப்பார். என் அரிச்சுவடியின் வரிசை அப்படி. பல மாதம் கழித்துக் கோயில் கடையில் ஒரு அரிச்சுவடி வாங்கித் திறந்தேன். முதல் பக்கத்தில் ‘அ’ இருந்தது. தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

என்னை இவ்வளவு பாடுபட வைத்தது என் மனைவியின் கண். அவளுக்குச் சர்க்கரை. என் ஆப்பரேஷனுக்கு ஒரு வருடம் முன்பே பார்வை போய்விட்டது. வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். பேச முடியாத நானும் பார்க்க முடியாத அவளும் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். எனக்கு எழுதத் தெரிந்திருந்தாலும் அவளிடம் காட்ட முடியாது. நான் பக்கத்தில் நிற்கிறேனா, வெளியே போய்விட்டேனா என்று அவளுக்குத் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டே, “இருக்கியா? இருக்கியா லா?” என்று கேட்பாள். நான் கையைத் தட்டுவேன். கையில் பாத்திரம் இருந்தால் நாக்கால் டொக் என்பேன்.

சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்தில் மாட்டைத் திருப்ப அந்தச் சத்தம்தான் போடுவோம். மூன்றாம் நாளே அவள் சொல்லிவிட்டாள்.

“தோட்டத்த அழிச்சி எண்ணெய்ப்பனை நட்டு எத்தினி வருசம் ஆச்சி. உனக்கு இன்னும் மாடு மேய்க்கிற புத்தி போகல. நான் மனுசி. மனுசியக் கூப்பிடுற மாதிரி கூப்பிடு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று மாலை வெகுநேரம் தனியாகச் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அது அவளுக்குத் தெரியாது.

மறுவாரம் அக்கா கேட்டார். “மனுசியை முந்தி எப்பிடிக் கூப்பிடுவியள்?”

தோட்டத்தில் அவள் அடுத்த நிரையில் மரம் சீவுவாள். நான் ஓய் என்று கூவுவேன், அவளும் கூவுவாள். வீட்டில் ‘இந்தா’ என்பேன். இதைக் கையால் நடித்துக் காட்டினேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார். ஓவும் வராது, ‘இந்தா’வில் ‘ந்’ வராது. “பேர் என்ன?” என்று கேட்டார். என் அடையாள அட்டையோடு அவளுடையதும் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா அதைப் படித்தார். தோள் குலுங்கியது. அவர் சிரித்தால் சத்தம் வராது. கழுத்துத் துணி மட்டும் படபடக்கும்.

“பாப்பாத்தி! ப, ப்ப, த்த. அண்ணை, இதில ஒரு எழுத்துக்கும் நெஞ்சு தேவையில்லை. இந்தப் பேரை வைச்ச ஆளைக் கும்பிட வேணும்.”

எனக்குக் கூச்சமாகிவிட்டது. நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. வேண்டாம் என்று கையாட்டினேன். அக்கா கேட்கவில்லை. “உங்கட வெக்கத்துக்கு வேற காத்து இல்லை” என்றார்.

நான்கு மாதம் அந்தப் பெயரைப் பழகினேன். வீட்டில் இல்லை. அக்கா வீட்டிலும், கிந்தா ஆற்றோரம் நடக்கும்போதும். ஒரு சனிக்கிழமை அது முழுதாக வந்தது. ஒரே காற்றில், மூன்று படி ஏறியதுபோல. அக்கா உடனே அவருடைய பழைய டெலிபோனை எடுத்து என் வீட்டு எண்ணைச் சுழற்றினார். மணி அடிக்கும்போது என் கையில் கொடுத்து, “கதையுங்கோ” என்றார்.

அந்தப் பக்கம் அவள் எடுத்து “ஹலோ” என்றாள்.

“பாப்பாத்தி.”

பிறகு ஒரு கூச்சல் கேட்டது.

“எவன்டா அவன், பேரச் சொல்லிக் கூப்பிடுறது? எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்காரு. வந்தார்னா தெரியும் உனக்கு!”

வைத்துவிட்டாள்.

அக்காவின் கழுத்துத் துணி அன்று பறந்துபோகாதது ஆச்சரியம். சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவள் வாசலிலேயே நின்றாள். செருப்புச் சத்தத்தை வைத்து என்னைக் கண்டுபிடித்தாள்.

“எவனோ ஒரு வெக்கங்கெட்டவன் போன் போட்டான்யா. குடிகாரன் தொண்ட மாதிரி இருந்திச்சி. என் பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?”

நான் படி ஏறி அவள் முன்னால் நின்றேன். உதட்டை இறுக்கினேன்.

“பாப்பாத்தி.”

அவள் கையை நீட்டி என் முகத்தைத் தேடினாள். வாயைத் தொட்டாள். பிறகு கழுத்துத் துணியைத் தொட்டாள்.

“திரும்பச் சொல்லு.”

சொன்னேன்.

“இன்னொருக்கா.”

அன்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. அதற்குப் பிறகு நாள் முழுதும் காரணம் இல்லாமலும் கூப்பிட்டேன். எதிர்வீட்டுத் தம்பி, “என்னா அண்ணே, புது மாப்பிள்ளையா லா?” என்று கேலி செய்வான். அவள் ‘இருக்கியா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்க வேண்டிய தேவை வரவில்லை.

அக்காவுக்குக் கூப்பிட அப்படி யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை ஏதோ ஓர் அலுவலகத்துக்கு அவர் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கத்துக்காரர் அவரை ‘என்சிக், என்சிக்’ என்றே பேசினார். ஆம்பளை என்று நினைத்துவிட்டார். அக்கா திருத்தவில்லை. வைத்த பிறகு என்னைப் பார்த்தார்.

“எக்ஸ்சேஞ்சில இருக்கேக்க என்ர குரலைக் கேட்டுக் கலியாணம் பேசி வந்தவை இருக்கினம் அண்ணை. முகத்தைப் பாத்துப்போட்டுத் திரும்பிப் போயிட்டினம். இப்ப குரலும் முகத்துக்கு ஏத்த மாதிரி வந்திட்டுது.”

நான் சிரிக்கவில்லை. அவரும் அப்போது குலுங்கவில்லை.

மாலை ஆறு மணி அழைப்பு எக்ஸ்சேஞ்சுப் பழக்கம்தான். வேலை ஏற்கும்போது எல்லா லைனையும் சோதித்துப் பார்ப்பார்களாம். எங்கள் ஏழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “லைன் கிளியரா?” என்று கேட்பார். ‘க’ எல்லோருக்கும் வரும் எழுத்து. அதனால் பதில் “கிளியர்”. சளி பிடித்தோ உடம்பு முடியாமலோ இருந்தால் நாக்கால் இரண்டு டொக். வேறு பேச்சு இல்லை. தினமும் ஒரு சொல்லாவது சொல்லாவிட்டால் தொண்டை மறந்துவிடும் என்பார். அதுதான் அந்தப் பெண் கேட்ட ‘கிளியர்’.

இரண்டு வருடத்துக்கு முன் பாப்பாத்தி இறந்துபோனாள். காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு எனக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. ஆறு மணிக்கு அக்கா கூப்பிடுவார். நான் இரண்டு டொக் போடுவேன். அவர் வைத்துவிடுவார். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது. ஒரு நாள் காலையில் பழக்கத்தில் ‘பா’ என்று தொடங்கிப் பார்த்தேன். வெறும் உதட்டுச் சத்தம்தான் வந்தது. காற்று கீழே இறங்கவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

“மனுசியின்ர பேரைச் சொல்லுங்கோ.”

நான் இரண்டு டொக் போட்டேன்.

“அப்ப நான் சொல்லுறன். பாப்பாத்தி.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. அது என் சொல். அது எனக்கு வந்த பிறகு வேறு யார் வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை. கைப்பேசியை உதட்டோடு வைத்துக் கத்தினேன். பாப்பாத்தி என்று எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

“கிளியர்” என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒருமுறை அவரிடம் கேட்டேன். அப்போது எனக்கு நன்றாகவே பேச்சு வந்திருந்தது. “எங்க லைன்லாம் நீங்க பாக்குறீங்க. ஒங்க லைன யாரு பாக்குறது?”

அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே, “ஒப்பரேட்டருக்கு ஆரும் கோல் எடுக்கிறேல்லை அண்ணை” என்றார்.

நல்ல பதில் என்று நினைத்து ரசித்தேன். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன் அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஆறு மணிக்கு என் போன் அடிக்கவில்லை. ஆறரை வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைன் கோளாறு என்று நினைத்தேன். மற்றவர்களிடம் பேசி நேரமாகிறது என்று நினைத்தேன். அவர் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. அதை நான் அதுவரை ஒருமுறைகூட அழுத்தியதில்லை. அழுத்தினால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு ஏழு பேரும் பேசிப் பார்த்தோம். ஏழு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறோம். எங்களில் ஆ லியோங் மட்டும் எண்ணை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, தொந்தரவாக இருக்கும் என்று வைத்துவிட்டாராம்.

மறுநாள் காலையில்தான் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். திங்கட்கிழமை மதியமே போய்விட்டாராம். நீங்கள் கூப்பிட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் ஒரு முறையாவது மணி அடித்திருக்கும். ஏழு முறை அடித்திருக்கும்.

இப்போது நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறோம். முதல் ஆள் இரண்டாவது ஆளை, அவர் மூன்றாவது ஆளை. கடைசி ஆள் முதல் ஆளைக் கூப்பிட்டாக வேண்டும். இதை முன்பே செய்திருந்தால் வட்டத்தில் எட்டுப் பேர் இருந்திருப்போம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அவர் பெயரை நான் சொன்னதில்லை. ‘அக்கா’ என்பேன். அதுவும் ‘க்கா’ என்றுதான் விழும். அவர் என்னைவிட நான்கு வயது இளையவர். “நான் உங்களுக்கு அக்காவோ?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். என்ன செய்வது, ‘யோ’ எனக்கு வராது. அது காற்றைக் கீழே தள்ளாத எழுத்து. வாய் திறக்கிறது, உள்ளே ஒன்றும் ஏறி வருவதில்லை. எழுத வருகிறது. யோகேஸ்வரி என்று இந்தத் தாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் அவருக்குப் பிடிக்காது. பலகையைத் தூக்கி எறியச் சொன்னவர்.

அதனால் தினமும் ஆறு மணிக்கு என் முறை முடிந்ததும் உட்கார்ந்து பழகுகிறேன். பதினெட்டு நாள் ‘கேஸ்வரி’தான் வந்தது. நேற்று ஒன்று செய்து பார்த்தேன். முதலில் அவர் கொடுத்த எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டேன். உதட்டை இறுக்கி ப் என்று காற்றைக் கீழே அனுப்பினேன். அது திரும்பி வரும்போது ‘யோ’வையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

ப்யோகேஸ்வரி.

அந்தியேட்டி அன்று உங்கள் முன்னால் நின்று அப்படித்தான் சொல்லப் போகிறேன். முன்னால் நிற்கும் அந்த ‘ப்’ அவர் பெயரில் இல்லாதது. யாரும் திருத்த வேண்டாம். அவர் எனக்குக் கொடுத்தது அது. நான் வைத்துக்கொள்கிறேன்.